இரண்டாம் பக்கத்தில் என் குரல்

கில்பர்ட் எனக்குத் தம்பி முறை. சித்தி மகன். ஆறு வயது வரை வில்லியனூரில் என் இடுப்பை விட்டு இறங்காமல் வளர்ந்தவன். சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்ததால் குடும்பம் மொத்தமும் பாரீசுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவனை நான் பார்த்தது எண்பத்திரண்டாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில்தான். தோள் வரைக்கும் முடி, ஒரு காதில் மட்டும் வளையம், கையில் கனமான ஒரு பெட்டி. அவனுக்குத் தெரிந்த தமிழ் முழுக்க எங்கள் சித்தி பேசுகிற தமிழ். மீசை முளைத்த பையன் "ஐயோ எங்கண்ணு, இப்டி எளச்சிப் பூட்டியேடி" என்று என் கன்னத்தைத் தடவியபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இன்றைக்கு அவனைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருந்தாலும் அந்த ஒரு வாரம் எப்படி இருந்ததோ அப்படியே சொல்கிறேன். நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

பெட்டியில் துணிமணி இல்லை. எல்லாம் எல்.பி. ரிக்கார்டுகள். வருகிற வழியில் லண்டனில் ஒரு சிநேகிதன் வீட்டில் தங்கி வாங்கினானாம். வாங்கிய கையோடு விமானம் ஏறிவிட்டதால் ஒன்றைக்கூடப் போட்டுக் கேட்கவில்லை. கை அரிக்கிறது என்றான். அவன் தங்கியிருந்த சொந்தக்காரர் வீட்டில் ரேடியோவே இருமிக்கொண்டுதான் பாடும். என் வீட்டுக்காரர் மரியசுந்தரம் மைக் செட் வைத்திருப்பவர். வில்லியனூர் சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ, மஞ்சள் நீராட்டோ, மாதா கோயில் திருவிழாவோ, அவருடைய குழாய்தான் தென்னை மரம் ஏறும். தவசு காலத்தில் எங்கள் ஜனத்தில் கல்யாணமும் கிடையாது, பாட்டும் கிடையாது. வேற்று ஜனத்தார் விசேஷங்களுக்கு அவர் கேசட் செட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பழைய ரிக்கார்டு பிளேயர் மட்டும் கூடத்து மூலையில் துணி போர்த்திக்கொண்டு கிடக்கும்.

"அதுக்கென்ன மச்சான், எங்க வூட்ல வந்து போட்டுக் கேளு. உங்கக்கா செல்வியும் இப்ப வூட்லதான கெடக்குறா" என்றார் அவர்.

நான் வீட்டில்தான் கிடந்தேன். திருபுவனையில் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேமில், நூல் முறுக்குகிற மிஷினில், வேலை எனக்கு. பஞ்சு லோடு வராமல் அந்த வாரம் லே-ஆஃப் கொடுத்திருந்தார்கள்.

தடை போட்டது என் மாமியார் காசம்மாள்தான். "தவசு காலத்துல பாட்டா? பாதருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்? சாமி கண்ணக் குத்தும்" என்று கதவை மறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கில்பர்ட் அவள் காலடியில் உட்கார்ந்து, ஒன்றே ஒன்று போடுகிறேன், பிடிக்காவிட்டால் மூட்டை கட்டிவிடுகிறேன் என்று கெஞ்சினான். வெள்ளை வெளேரென்று ஒரு எழுத்துகூட இல்லாத அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். முதலில் உர்ரென்று ஒரு சத்தம். வெகு நேரம் அதே சத்தம். அப்புறம் இரும்புக் கட்டிலை சிமெண்டுத் தரையில் இழுக்கிற மாதிரி ஒன்று. அதன்மேல் யாரோ ஜெர்மன்காரன் தூக்கத்தில் உளறினான். அத்தை கையைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் முழுவதையும் கேட்டாள்.

"ஏண்டா, பாட்டு எப்ப வரும்?"

"இதான் ஆயா பாட்டு."

"இது பாட்டு இல்ல, மிஷினு. நீ போட்டுக்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அங்கேயே முந்தானையை விரித்துப் படுத்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க அத்தை அந்தச் சத்தத்துக்கு நடுவில் தூங்கின மாதிரி அதற்கு முன்பும் தூங்கியதில்லை, பின்பும் தூங்கியதில்லை.

காலையில் கஞ்சி குடித்ததும் கில்பர்ட் வந்துவிடுவான். நான் கீரை ஆய்ந்துகொண்டோ, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டோ உட்கார்ந்திருப்பேன். அவன் ரிக்கார்டை விளிம்பில் பிடித்து, சட்டைத் துணியால் துடைத்து, முள்ளை வைப்பான். சில ரிக்கார்டுகள் நாலு பையன்கள் கிட்டாரும் தாரையுமாகப் போடுகிற கூச்சல். கம்பெனி எதுவும் சேர்த்துக்கொள்ளாமல் அவர்களே காசு போட்டு, வீட்டுக் கொல்லையில் பதிவு பண்ணி, அவர்களே அட்டை ஒட்டி விற்றதாம். அதில் ஒருத்தன் சுருதிக்கும் தனக்கும் பாகப்பிரிவினை ஆகிவிட்ட மாதிரி பாடினான். "எங்க கோயில் பாடகர் குழுவுல இவன வெளிய நிறுத்திடுவாங்கடா" என்றேன். "அங்கயும் வெளியதான் நிக்கறான். அதனாலதான் பாடறான்" என்றான் கில்பர்ட். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

மற்றவையெல்லாம் மிஷின் சங்கீதம். மனுஷன் கையே படாமல் கருவிகள் தானாகப் பேசிக்கொள்வதுபோல் இருக்கும். அவனே பாரீசில் அந்த மாதிரி ஒரு கோஷ்டியில் இருப்பதாகச் சொன்னான். ஒரு ரிக்கார்டைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான்.

"உனக்கு இன்னா கேக்குதுக்கா?"

"இன்னாடா கேள்வி இது? நீ கேக்கறதுதான் எனக்கும் கேக்குது."

"இல்ல. இந்த சத்தத்தக் கேட்டா உனக்கு இன்னா தோணுது? சொல்லேன்."

நான் கண்ணை மூடிக் கேட்டேன். சத்தியமாக எனக்கு மில்தான் தெரிந்தது. "இது எங்க ரிங் பிரேமுதாண்டா. மொதல்ல முழு பிரேமும் ஓடுது. இப்ப பாரு, ஒரு ஓரத்துல நூலு அறுந்து பூடுச்சு. அந்த எடத்துல சத்தம் மெலியுது பாரு. இப்ப எவளோ ஓடியாந்து முடிச்சுப் போடறா. ஆ, சேந்துடுச்சு" என்றேன். கில்பர்ட் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தான். பிறகு பையிலிருந்து சோப்புப் பெட்டி மாதிரி ஒரு டேப் ரிக்கார்டரை எடுத்து மணைக்கட்டையின் மேல் வைத்தான்.

"இது எதுக்கு?"

"நீ சொல்றத எடுத்து வச்சிக்கறேன்கா. நீ கேக்கற மாதிரி அங்க யாரும் கேக்கறதில்ல."

எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? மில்லில் காது அடைத்துப்போய் வீட்டுக்கு வந்தால் அத்தை கத்துவது காதில் விழும். வீட்டுக்காரர் வந்தால் மைக் டெஸ்டிங் சொல்வதுபோல் சோறு, குழம்பு, தண்ணி என்று ஒவ்வொரு வார்த்தையாகப் பேசிவிட்டுப் படுத்துவிடுவார். அவர் கெட்டவர் இல்லை. என்மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. ஆனால் உனக்கு என்ன தோன்றுகிறது என்று என்னை யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கூடக் கேட்டதில்லை. என் வாயில் இவ்வளவு பேச்சு இருக்கிறது என்பதே எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. மழைக்கு முன் ஈசல் கிளம்புகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் அவன் ஆங்கிலக்காரப் பையன்கள் ரிக்கார்டு ஒன்றைப் போட்டான். எருமை இழுக்கிற வண்டி மாதிரி அவ்வளவு மெதுவாக, அவ்வளவு துக்கமாக இருந்தது. பாடுகிறவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "டேய், நாப்பத்தஞ்சு ஸ்பீடுல ஓட வேண்டியத முப்பத்துமூணுல வுட்டு வச்சிருக்கீங்களே" என்று பிளேயரின் குமிழைத் தள்ளினார். அவ்வளவுதான், அந்தத் துக்கமெல்லாம் எலி ஓடுகிற மாதிரி குடுகுடுவென்று ஓடிவிட்டது. மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கில்பர்ட் குமிழை மறுபடி பழைய இடத்துக்கே தள்ளினான். "அக்கா கேட்டதுதான் சரி" என்றான்.

இப்படி ஒருத்தன் சொன்னால் எந்த அக்காதான் நம்ப மாட்டாள்?

வெள்ளிக்கிழமை வந்தது. தவசு கால வெள்ளிக்கிழமை என்றால் ஊரே மாதா கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போய்விடும். அத்தையும் போய்விட்டாள். எனக்குத் தலைவலி என்று இருந்துவிட்டேன். உண்மையில் தலைவலி இல்லை, இன்னும் இரண்டு ரிக்கார்டு பாக்கி இருந்தது. கில்பர்ட் கடைசிக்கு முந்தினதை வைத்தான். அதில் ஒன்றுமே இல்லை. கட்... கட்... கட்... என்று ஒரே ஒரு சத்தம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீளமாக ஒரு இடைவெளி.

"நிறுத்துடா."

"ஏன்கா? இன்னா கேக்குது?"

"காத்தாடிடா. டாக்டர் ரூம்ல ஓடின காத்தாடி."

அவன் நிறுத்தவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என் பார்வை மணைக்கட்டையின் மேல் போனது. டேப் ரிக்கார்டர் அங்கே இல்லை, அவன் துண்டுக்கு அடியில் துருத்திக்கொண்டு இருந்தது. "அது ஓடுதா?" என்று கேட்டேன். "இல்லக்கா, டேப்பு முடிஞ்சி அப்பவே நின்னு பூடுச்சி" என்றான். என் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

நான் சொன்னேன். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் வயிற்றில் ஒன்றும் தங்காததால் புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் போனது. எனக்கும் பரிசோதனை, அவருக்கும் பரிசோதனை. முடிவு சொல்கிற நாளில் அவருக்குத் தவளக்குப்பத்தில் ஒரு கல்யாண செட் இருந்ததால் நான் மட்டும் தனியாகப் போனது. தலைக்கு மேல் கட் கட் என்று அடித்துக்கொண்ட காத்தாடிக்குக் கீழே உட்கார்ந்து டாக்டர், "உனக்கு ஒன்றும் இல்லையம்மா, உன் புருஷனுக்குத்தான், அவருக்குப் பிள்ளை பிறக்க வழியில்லை" என்று சொன்னது. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் யோசித்து, வீட்டுக்கு வந்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்லியாம், எனக்குத்தான் கர்ப்பப்பை வீக்காம்" என்று நான் மாற்றிச் சொன்னது. அவர் முகம் அப்போது எப்படி மலர்ந்தது தெரியுமா? உடனே அதற்காக வெட்கப்பட்டு, கடைத்தெருவுக்குப் போய் எனக்கு அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அத்தை என்னை மலடி என்று பேசும்போதெல்லாம் "வுடும்மா, அவ இன்னா பண்ணுவா, அவ ஒடம்பு அப்டி" என்று எனக்காகப் பரிந்து பேசுவார். அந்தப் பரிவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அத்தை ஏசுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லடா. கொற அவருகிட்ட. அவருகிட்ட நான் சொல்லல. சொன்னா ஒடஞ்சி பூடுவாரு" என்றேன். கில்பர்ட் அழுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் சித்தி மாதிரியே மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான். உயிரோடு இருக்கிற வரை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்தான். அவன் சொல்லவும் இல்லை. சொன்னது நான்தான், என் குரல்தான்.

அடுத்த வாரம் அவன் ஊருக்குப் போனான், நான் மில்லுக்குப் போனேன்.

மறு வருஷம் என் நாத்தனார் ஞானசுந்தரி தலைப்பிரசவத்துக்குப் பாகூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆண் பிள்ளை. ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்துகிற ஞானத்தாயாக அவள் என்னையே நிற்கச் சொன்னாள். "புள்ள பெறாதவ கையில எம் பேரன குடுக்கறதா?" என்று அத்தை அதற்கும் குறுக்கே விழுந்தாள். வீட்டுக்காரர் வழக்கம்போல "வுடும்மா" என்றார். ஆனால் அத்தையைத் தடுக்கவில்லை. வேறொருத்தி ஞானத்தாயானாள். நான் ஞானஸ்நான விருந்துக்குப் பரிமாறுகிற வேலைக்கு இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டேன்.

ஆகஸ்டு மாத விடுமுறைக்குப் பாரீசிலிருந்து வந்திருந்த சவரிராயன் சித்தப்பா, என் வீட்டுக்காரருக்குச் சின்ன தகப்பனார், விருந்துக்கு நேராக வந்து இறங்கினார். பையிலிருந்து ஒரு எல்.பி.யை எடுத்து நீட்டினார். "கில்பர்ட் குடுத்தனுப்பினான். அவங்க கோஷ்டி போட்ட ரிக்கார்டாம். செல்வி குரல் இதுல வருதாம்!"

பந்தலே திரும்பிப் பார்த்தது. சாம்பல் நிற அட்டை. மேலே ஊர்ப் பெயரைப் பிரெஞ்சில் எழுதுகிற மாதிரி வில்லெனூர் என்று போட்டிருப்பதாகச் சித்தப்பா படித்துக் காட்டினார். பின்பக்கத்தில் பதிவு மிஷின் குமிழைத் திருப்பியவன் வரைக்கும் எல்லார் பெயரும் இருந்தது. என் பெயரைத் தேடச் சொன்னேன். சித்தப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தேடிவிட்டு, "குரல், ஒரு தமிழ்ப் பெண். அப்டித்தான் போட்டிருக்கான்" என்றார்.

"மரியசுந்தரம் பொண்டாட்டின்னு போட்டிருக்கக் கூடாதா?" என்று சொல்லிச் சிரித்தார் என் வீட்டுக்காரர். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது ரிக்கார்டு எதுவானாலும் முதலில் வீட்டில் குழாய் இல்லாமல் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் விசேஷத்துக்கு எடுத்துப் போவார். ஒரு துக்கப் பாட்டு தவறிப்போய்க் கல்யாணத்தில் பாடிவிட்டால் அடுத்த வருஷம் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் இது பொண்டாட்டி குரல் ஆயிற்றே, இதைப் போய் சோதித்துப் பார்ப்பதா? மைக்கைக் கையில் எடுத்தார்.

"இப்போது நீங்கள் கேட்கப் போவது, நம் வில்லியனூர்ப் பெண், என் மனைவி ஆரோக்கிய செல்வி, பாரீஸ் ரிக்கார்டில்!"

எனக்கும் வெட்கமும் சந்தோஷமுமாகத்தான் இருந்தது. கூந்தலைச் சரிசெய்துகொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பக்கத்தில் மிஷின் சத்தம் ஓடியது. அதற்குள்ளிருந்து என் குரல் வந்தது. "இது எங்க ரிங் பிரேமுதாண்டா!" பந்தியில் இருந்த மில்காரப் பெண்கள் கை தட்டினார்கள். "நூலு அறுந்து பூடுச்சு... நூலு அறுந்து... நூலு" என்று என்னையே துண்டு துண்டாக வெட்டித் திரும்பத் திரும்பப் போட்டிருந்தான். அப்புறம் கொர்ரென்று ஒரு சத்தம் தாளத்தோடு வந்தது. அது என்ன கருவி என்று யாரோ கேட்டார்கள். அத்தையின் குறட்டை. பந்தல் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அத்தை பேரனை மடியில் வைத்துக்கொண்டு, "எங்க வூட்ல உக்காந்து எடுத்ததுதான்" என்று பெருமையாகச் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே சாம்பார் வாளியோடு அடுத்த இலைக்குப் போனேன். வீட்டுக்காரர் ரிக்கார்டைத் திருப்பிப் போட்டார்.

கட்... கட்... கட்...

அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்தேன். பந்திக்கு நடுவில் இருந்தேன், இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், இலையை மிதிக்காமல் ஓட முடியவில்லை. தென்னை மரத்து உச்சியிலிருந்து, வயல் தாண்டி அடுத்த ஊருக்கும் கேட்கிற குழாயில், நான் பேசினேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லடா. கொற அவருகிட்ட."

கட்... கட்...

"அவருகிட்ட நான் சொல்லல. அவருகிட்ட நான் சொல்லல. அவருகிட்ட..."

சிரிப்பு அடங்கியது. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர் பிளேயருக்குப் பக்கத்திலேதான் நின்றார். கையை நீட்டினால் முள்ளை எடுத்துவிடலாம். எடுக்கவில்லை. ஆம்ப்ளிபயரின் குமிழில் வைத்த விரல்கூட அசையவில்லை.

"சொன்னா ஒடஞ்சி பூடுவாரு. ஒடஞ்சி பூடுவாரு. ஒடஞ்சி. ஒடஞ்சி."

இலைகளை மிதித்துக்கொண்டுதான் ஓடினேன். முள்ளைப் பிடுங்கியபோது ரிக்கார்டைக் கீறிய சத்தம் குழாயில் ஊரெல்லாம் கேட்டது. கில்பர்ட் அழுததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதானே, அப்போது துண்டுக்கு அடியில் அது ஓடிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே எடுத்திருக்கிறான். பாவி. பாரீசில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு அது வெறும் சத்தம். இவனுக்குத் தமிழ் தெரியும். எங்கள் சித்தி பால் கொடுத்துச் சொல்லிக்கொடுத்த தமிழ். ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்துதான் எங்கே வெட்டினால் நன்றாக இருக்கும் என்று பார்த்து வெட்டியிருக்கிறான்.

எனக்கு அதற்கு மேல் யோசிக்க நேரம் இல்லை. வீட்டுக்காரர் முகத்தை ஒரு தடவை பார்த்தேன். அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினேன்.

"எல்லாரும் சாப்புடுங்க. ஏன் கைய நிறுத்திட்டீங்க? அது நாடக வசனம். கில்பர்ட் தம்பி எழுதிக் குடுத்தான், நான் படிச்சேன். அவ்ளோதான்" என்றேன். என் குரல் நடுங்கவே இல்லை. மைக் செட்காரன் பொண்டாட்டி ஆயிற்றே.

சவரிராயன் சித்தப்பாதான் முதலில் சிரித்தார். "அட, நெசம்னு நெனச்சிட்டேன். நல்லா நடிச்சிருக்கம்மா!" ஒருத்தர் சிரித்ததும் மற்றவர்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. சோறு மறுபடி பிசையப்பட்டது. பாயசம் கேட்டார்கள். அத்தை மட்டும் பந்தலுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "நாடகம்னாலும் புருஷன் தலையில பழியப் போடற வசனத்தையாடி படிப்ப? தான் மலடின்னா ஊர்ல இருக்கறவன் எல்லாம் கொறையுள்ளவனா? நாக்கு அழுகிப் பூடும்டி."

"ஆமா அத்த, தப்புதான்" என்றேன். சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு வீட்டுக்காரர் ஏணி வைத்துக் குழாயைக் கீழே இறக்கினார். நான் கீழே நின்று ஒயரைச் சுற்றினேன். வழக்கமாக வேலைக்கு வருகிற ஆளை அன்று அவர் முன்னாலேயே அனுப்பிவிட்டார். இறங்கி வந்து, என்னைப் பார்க்காமல், ஒயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"டாக்டர் அப்டிதான் சொன்னாரா?"

பொய் சொல்ல இன்னொரு தடவை எனக்குத் தெம்பு இல்லை. "ஆமா" என்றேன்.

"எங்கம்மா உன்ன அப்டி பேசறப்பல்லாம் நானும் கூடப் பேசினேனேடி. அவ ஒடம்பு அப்டி, அவ ஒடம்பு அப்டின்னு. பெரிய மனுஷனாட்டம். ஏன் என்ன அப்டிப் பேச வுட்ட?"

"நீங்க தாங்க மாட்டீங்கன்னு."

"நீயே முடிவு பண்ணிட்ட." ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "இன்னிக்கு மைக்ல சொன்னியே, அதுவும் நான் தாங்க மாட்டேன்னுதானா?"

அவர் ஒயரைப் போட்டுவிட்டு நேராக அத்தையிடம் போனார். "அம்மா, அது நாடகம் இல்ல. கொற எங்கிட்டதான். அவ மேல ஒண்ணும் இல்ல" என்று அவர் சொன்னது வாசல் வரைக்கும் கேட்டது. அத்தை சொன்னாள்: "அவ சொல்லச் சொன்னாளா? அவளே மைக்ல நாடகம்னு ஊரறியச் சொல்லிட்டா. நீ எதுக்குடா அவளுக்காக உம்மேல சேத்த அள்ளிப் பூசிக்கற?" அதற்கு மேல் அவர் எவ்வளவு சொல்லியும் அத்தை நம்பவில்லை. கடைசிவரை நம்பவில்லை. நான் கட்டிவிட்ட கதை அவ்வளவு உறுதியாக இருந்தது.

அவர் திரும்பி வந்தார். இந்த முறை என்னைப் பார்த்தார்.

"எங்கிட்ட சொல்ல முடியல. அவன்கிட்ட மட்டும் எப்டி சொன்ன?"

"கேட்டான்."

"இன்னான்னு கேட்டான்?"

"இந்த சத்தத்தக் கேட்டா உனக்கு இன்னா தோணுதுன்னு. தெனமும் கேட்டான்."

அவர் ஏணியில் சாய்ந்துகொண்டார். எங்கள் வீட்டில் ஓடாத ரிக்கார்டு இல்லை, அவர் பார்க்காத விசேஷம் இல்லை, இந்த ஒரு கேள்வி மட்டும் அவருக்குத் தோன்றாமல் போயிருந்தது. அவர் முகத்தில் அது தெரிந்தது.

"நான் கேட்டதில்ல, இல்ல?"

"இல்ல."

"இப்ப கேக்கறேன் செல்வி. எது வேணும்னாலும் சொல்லு. நான் ஒடஞ்சி பூட மாட்டேன். கேட்டுக்கினு இருக்கறேன், சொல்லு."

இந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்தேன். முதல் வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் இது வெளியே போனால் எங்கே போகும், யார் கையில் சிக்கும், எந்தப் பந்தலில் எத்தனை துண்டாக ஒலிக்கும் என்று மனசு தன்பாட்டுக்கு யோசிக்க ஆரம்பித்துவிட்டது. எதிரில் நிற்பது என் புருஷன் என்று தெரியும். தெரிந்தும் வார்த்தை திரும்பிப் போய்விட்டது.

"ஒண்ணும் இல்லங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு குழாயைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனார்.